பி.டி. பீரியட் யார் கையில் இருக்கிறது?

புங்கமரத்தடி எழுதியது:

வணக்கமுங்க. சத்தியமங்கலம் பக்கம் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் போன ஜூனில் தலைமையாசிரியராகச் சேர்ந்தேன். அதற்கு முன்னால் 19 வருடம் தமிழாசிரியர். இங்கே தலைமையாசிரியர்களும் பி.டி. (உடற்கல்வி) ஆசிரியர்களும் நிறையப் பேர் இருக்கிறீர்கள். அதனால்தான் மனதில் கிடப்பதை எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் வரும்.

போன வியாழக்கிழமை மத்தியானம் எட்டாம் வகுப்பு பி பிரிவுக்கு பி.டி. பீரியட். என் அறையில் எமிஸ் (கல்வித் துறையின் இணையத் தகவல் தளம்) பதிவைப் பார்த்துக்கொண்டிருந்தவன், எழுந்து போய் மைதானத்து ஓரம் புங்க மரத்தடியில் உட்கார்ந்தேன். ஒரே ஒரு பிள்ளையை மட்டும் பார்ப்பது என்று கைக்கடிகாரத்தைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டேன். செருப்பு வார் அறுந்து, அதில் ஊக்கு குத்தியிருந்த ஓர் ஒல்லிப் பெண்.

பீரியட் 40 நிமிடம். முந்தைய பாடத்தில் கேள்வி பதில் எழுதி முடியவில்லை என்று வகுப்பே 8 நிமிடம் தாமதமாகத்தான் இறங்கி வந்தது. வரிசை, வருகைப் பதிவு, அதில் 5 நிமிடம். அப்புறம் கைப்பந்து பையன்கள் பக்கம் போனது. பெண் பிள்ளைகள் 23 பேருக்கு ஸ்கிப்பிங் கயிறு இரண்டு. அவள் வரிசையில் நின்றாள், நின்றுகொண்டே இருந்தாள். முறை வந்தபோது பத்து எண்ணுவதற்குள் கயிறு காலில் சிக்கியது. அடுத்தவளிடம் கொடுத்துவிட்டு என் பக்கத்திலேயே நிழலில் வந்து உட்கார்ந்துகொண்டாள். எல்லாம் சேர்த்தாலும் அந்தப் பிள்ளையின் உடம்பு அசைந்தது 4 நிமிடம்.

எங்கள் பி.டி. சாரைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. காலை ஏழு மணிக்கே வந்து கோ-கோ அணிக்குப் பயிற்சி கொடுப்பவர். அந்த அணி மாவட்டம் வரை போய் வந்தது. அன்றைக்கு மத்தியானம்வரை பஸ் பாஸ் படிவத்துக்குப் போட்டோ ஒட்டிக்கொண்டிருந்தார், நான் கொடுத்த வேலை அது. இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். இந்த 19 வருடத்தில் பாடம் முடியவில்லை என்று நானே எத்தனையோ பி.டி. பீரியடை வாங்கியிருக்கிறேன். அது அந்தப் பிள்ளைகளின் நேரம் என்று ஒரு நாளும் நினைத்ததில்லை.

என் கேள்வி இதுதான். தனியாகப் பணம் கிடையாது, புதுப் பணியிடம் வராது. ஒரு தலைமையாசிரியர் என்ன செய்தால் அந்த 4 நிமிடம் கூடும்? ஆராய்ச்சியில் ஏதாவது சொல்லியிருக்கிறார்களா? அனுபவம் இருப்பவர்கள் சொல்லுங்க.


காங்கயம்_விசில் எழுதியது:

சார், 21 வருடமாக உடற்கல்வி ஆசிரியராக இருக்கிறேன். உங்கள் பதிவை இரண்டு முறை படித்தேன். இதுவரை ஏழு எச்.எம்.கிட்ட வேலை பார்த்திருக்கிறேன். என் வகுப்பை உட்கார்ந்து முழுசாகப் பார்த்தவர் ஒருத்தர்கூட இல்லை. கணக்கு டீச்சர் வகுப்பைப் பார்ப்பார்கள், நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போடுவார்கள், நல்லா இருக்கு, இதை மாத்துங்க என்று சொல்வார்கள். என்னிடம் கேட்கும் கேள்வி இரண்டே இரண்டு. குறுவட்டப் போட்டியில் எத்தனை கப்? காலை வழிபாட்டில் வரிசை ஏன் கோணலாக நின்றது?

கப் கேட்பதால் நான் என்ன செய்கிறேன்? 55 பேரில் நன்றாக ஓடும் 12 பேரைப் பிடித்துக்கொள்கிறேன். மீதி 43 பேர் வேடிக்கை. பாரதியார் தின விளையாட்டு, குடியரசு தின விளையாட்டு முடியும்வரை அந்த 12 பேர்தான் என் உலகம். சேலம் பக்கம் பெரியவடகம்பட்டி மாரியப்பன் 2016-ல் ரியோ பாராலிம்பிக்கில் உயரம் தாண்டித் தங்கம் வாங்கினார். கால் ஊனத்தோடு இருந்த அந்தப் பையனைத் தாண்டிப் பார் என்று தூண்டியது பள்ளிக்கூடத்து உடற்கல்வி ஆசிரியர். அந்தச் செய்தியைப் படித்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. என் 43 பேரில் யார் யார் இருந்தார்களோ.

பயிற்சி பற்றியும் சொல்கிறேன். மற்ற பாடக்காரர்களுக்குக் கற்பிக்கும் முறை பற்றிப் பயிற்சி நடக்கும். எனக்குக் கிடைத்ததெல்லாம் விளையாட்டு விதி மாற்றம், நடுவர் வேலை, கோடு போடும் அளவு. 55 பிள்ளைகளை இரண்டு பந்தோடு 40 நிமிடம் எப்படி அசைய வைப்பது என்று யாரும் எனக்குச் சொல்லித் தந்ததில்லை. நானும் யாரிடமும் கேட்டதில்லை. கேட்டால், இவனுக்கு வேலை தெரியாது என்று ஆகிவிடுமோ என்ற பயம்தான்.


மருதமலை_அடிவாரம் எழுதியது:

கோவையில் கல்வியியல் ஆய்வு மாணவி நான். புங்கமரத்தடி சார் செய்ததை ஆய்வாளர்களும் செய்கிறார்கள், கையில் கடிகாரத்தோடு ஒரு பிள்ளையைப் பார்த்து, நிற்கிறதா, நடக்கிறதா, ஓடுகிறதா என்று சில நொடிக்கு ஒருமுறை குறிப்பார்கள்.

முதலில் ஓர் அளவு. 5 முதல் 17 வயதுவரை உள்ள பிள்ளைகள் சராசரியாக நாளுக்கு 60 நிமிடமாவது மூச்சு வாங்கும் அளவுக்கு ஓடியாட வேண்டும் என்பது உலக சுகாதார அமைப்பு 2020-ல் வெளியிட்ட வழிகாட்டுதல். 2019-ல் வந்த ஒரு பெரிய ஆய்வு 146 நாடுகளில் 16 லட்சம் மாணவர்களின் தரவைச் சேர்த்துப் பார்த்தது. 11 முதல் 17 வயதில் 81 விழுக்காட்டுப் பிள்ளைகள் அந்த அளவை எட்டவில்லை. பெண் பிள்ளைகளில் 85. நம் ஊர்ச் சோம்பல், நம் பிள்ளைகளின் மொபைல் என்று மட்டும் பேசி முடிக்கிற விஷயம் இல்லை இது.

இப்போது காங்கயம் சார் சொன்னதற்கு வருகிறேன். அமெரிக்காவின் தெற்கு கலிபோர்னியாவில் ஸ்பார்க் என்ற திட்டத்தை ஏழு தொடக்கப் பள்ளிகளில் இரண்டு வருடம் நடத்திப் பார்த்தார்கள். முடிவு 1997-ல் வெளிவந்தது. சில பள்ளிகளில் உடற்கல்விக்கென்றே படித்த ஆசிரியர் எடுத்தார். சில பள்ளிகளில் சாதாரண வகுப்பாசிரியருக்கே நல்ல பயிற்சி கொடுத்து எடுக்கச் சொன்னார்கள். மற்றதில் வழக்கம் போல நடந்தது. வழக்கம் போல நடந்த பள்ளியில் பிள்ளைகள் உடற்கல்வி வகுப்பில் ஓடியாடியது வாரத்துக்கு 18 நிமிடம். பயிற்சி பெற்ற வகுப்பாசிரியரிடம் 33. தனி உடற்கல்வி ஆசிரியரிடம் 40. ஆள் மட்டும் போதாது, எப்படிச் சொல்லித் தருவது என்ற பயிற்சிதான் பெரிய மாற்றத்தைச் செய்கிறது என்று நான் இதைப் படிக்கிறேன்.

தலைமை பற்றி எனக்குப் பிடித்த ஓர் ஆய்வு நியூசிலாந்தின் விவியன் ராபின்சனும் உடன் இருந்தவர்களும் 2008-ல் செய்தது. 27 ஆய்வுகளை ஒன்றாக வைத்து, தலைமையாசிரியர் செய்யும் வேலைகளில் எது பிள்ளைகளின் படிப்பைத் தொடுகிறது என்று தேடினார்கள். ஒழுங்கு, வளம், இலக்கு எல்லாவற்றையும்விட மேலே வந்தது ஒன்றுதான். ஆசிரியர்கள் கற்றுக்கொள்ள ஏற்பாடு செய்வது, அதில் தலைமையாசிரியர் தானும் உட்கார்ந்து கற்பது. அனுப்பி வைப்பது இல்லை, கூட உட்காருவது. இது உடற்கல்வியை வைத்து நடந்த ஆய்வு இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் உடற்கல்விக்குப் பொருந்தாமல் போக எனக்குக் காரணம் எதுவும் தெரியவில்லை.


பவானி_கணக்கு எழுதியது:

இங்கே யாரும் சொல்லாத பக்கத்தை நான் சொல்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். பத்தாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறேன். பி.டி. பீரியடை வாங்குவது நான்தான். ஏன்? ரிசல்ட் வந்த மறுவாரம் ஆய்வுக் கூட்டத்தில் எங்கள் எச்.எம்.மை எழுந்து நிற்கச் சொல்லி, கணக்கில் ஏன் ஐந்து பேர் போனார்கள் என்று கேட்பார்கள். அவர் வந்து என்னைக் கேட்பார். பி.டி. ஏன் நடக்கவில்லை என்று எந்தக் கூட்டத்திலும் யாரும் கேட்டதில்லை.

தோற்கும் பிள்ளைகள் யார் என்று எனக்குத் தெரியும். அப்பா விசைத்தறிக்கு ராத்திரி ஷிப்ட் போய்விடுவார், வீட்டில் உட்கார்ந்து சொல்லித்தர ஆள் கிடையாது. அந்தப் பிள்ளைக்கு நான் கொடுக்கும் அந்த 40 நிமிடம்தான் ட்யூஷன். அது தப்பு என்றால் மாற்று வழி சொல்லுங்கள், கேட்டுக்கொள்கிறேன்.


மருதமலை_அடிவாரம் எழுதியது:

கணக்கு சார், நீங்கள் சொல்லும் பயம் உண்மையானது. அந்தப் பயத்தைத்தான் கனடாவில் 1970-ல் சோதித்துப் பார்த்தார்கள். கியூபெக் மாநிலத்தில் த்ருவா ரிவியேர் என்ற ஊர்ப் பகுதித் தொடக்கப் பள்ளிகளில் ஒரு தொகுதிப் பிள்ளைகளுக்கு நாளுக்கு ஒரு மணி நேரம் உடற்கல்வி. அதற்காகப் பாட நேரம் 13, 14 விழுக்காடு குறைந்தது. சில வருடம் தொடர்ந்து பார்த்ததில் அவர்கள் படிப்பில் பின்தங்கவில்லை.

2010-ல் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் இதே கேள்விக்கு 50 ஆய்வுகளைத் திரட்டியது. படிப்போடு தொடர்புடைய 251 அளவீடுகளில் பாதிக்குச் சற்று மேல் நல்ல பலன். மீதியில் கிட்டத்தட்ட எல்லாமே கூடவும் இல்லை, குறையவும் இல்லை. கெடுதல் என்று வந்தது 1.5 விழுக்காடு மட்டும். ஓடினால் மார்க் ஏறும் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். ஓடியதால் மார்க் இறங்கும் என்பதற்குச் சான்று இல்லை என்று உறுதியாகச் சொல்வேன்.


திருப்பூர்_அம்மா எழுதியது:

நான் டீச்சர் இல்லைங்க, பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. என் மகள் ஒன்பதாவது. காம்பவுண்டு வீடு, வாசலில் நாலு வண்டி நின்றால் நடக்கவே இடம் கிடையாது. பிள்ளை ஓடுவதென்றால் பள்ளிக்கூடத்தில் ஓடினால்தான் உண்டு.

அவளிடம் கேட்டேன், பி.டி.ல என்ன கண்ணு செய்யறேன்னு. மரத்தடியில உக்காந்து பேசுவோம்மா என்றாள். ஏன் என்றதற்கு, பந்து பசங்ககிட்டத்தான் போகும், ஷாலைக் கட்டிட்டு ஓடினா பசங்க பார்க்கறாங்க, அப்புறம் அந்த மூணு நாள்ல பாத்ரூம்ல தண்ணி வராது என்றாள். மூன்றாவது காரணத்தை எந்த சாரிடம் போய்ச் சொல்வது? எச்.எம். மேடமாக இருந்தும் யாரும் கேட்கவில்லை.

ஆனால் ஒன்று சொல்கிறேன். போன கோடையில் எங்கள் ஊர்க் கோயில் திடலில் வள்ளி கும்மி சொல்லிக் கொடுத்தார்கள். பொழுதோட ஏழு மணிக்கு ஆரம்பித்தால் ஒன்பது, ஒன்பதரை ஆகும். அந்த ரெண்டு மணி நேரமும் இதே பிள்ளைகள் உட்காரவே இல்லை. குனிந்து நிமிர்ந்து, சுற்றி, கை தட்டி, வேர்த்து விறுவிறுத்து நின்றார்கள். வீட்டுக்கு வந்து கால் வலிக்குது என்று சொல்லிக்கொண்டே இன்னும் நாலு அடி ஆடிக் காட்டினாள். அவள் சோம்பேறி இல்லைங்க.


காங்கயம்_விசில் எழுதியது:

அக்கா, இந்தப் பதிவுக்கு உங்களைக் கையெடுத்துக் கும்பிட வேண்டும். வள்ளி கும்மியை நான் இத்தனை வருடத்தில் ஒரு முறைகூட என் பாடத்தோடு சேர்த்து யோசித்ததில்லை. நம் கோவை மாவட்டத்து பத்திரப்பன் ஐயாவுக்கு வள்ளி ஒயில் கும்மிக்காக 2024-ல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். ஆண்களே ஆடி வந்ததைப் பெண்களுக்கும் சொல்லிக் கொடுத்தவர் அவர். ஒரு கும்மிப் பாட்டு முழுசாக ஆடினால் வார்ம்-அப்புக்கும் மேலேயே ஆகிவிடும். பந்து வேண்டாம், கயிறு வேண்டாம், வரிசையில் காத்திருக்க வேண்டாம். 55 பேரும் ஒட்டுக்கா ஆடலாம்.

பாத்ரூம் தண்ணீர் விஷயம் பி.டி. ஆசிரியர் கையில் இல்லை. அது எச்.எம். வேலை, பள்ளி மேலாண்மைக் குழுவின் வேலை. இதைத்தான் தலைமை என்று நான் சொல்வேன்.


பகுதிநேரம்_2012 எழுதியது:

2012-ல் 16,549 பேரைப் பகுதிநேரமாக எடுத்தார்கள், 5,000 ரூபாய் சம்பளத்தில். அதில் உடற்கல்விக்கு வந்த ஒருவன் நான். வாரத்துக்கு மூன்று அரை நாள். கட்டாயக் கல்விச் சட்டத்திலேயே 100 பிள்ளைகளுக்கு மேல் உள்ள நடுநிலைப் பள்ளிக்கு உடற்கல்விக்குப் பகுதிநேரப் பயிற்றுநர் என்றுதான் எழுதியிருக்கிறது.

நான் வரும் அரை நாளில் ஒரு வகுப்பை வாங்கிக்கொண்டால், வேண்டாம் சார், இது என் பீரியட் என்று சொல்ல எனக்கு வாய் எழாது. ஓர் எச்.எம். மட்டும் என்னை ஆசிரியர் கூட்டத்துக்குக் கூப்பிட்டு நாற்காலி போட்டு உட்கார வைத்தார். அந்த வருடம் என்னிடம் யாரும் பீரியட் கேட்கவில்லை.


கோபி_ஓய்வு எழுதியது:

ஓய்வு பெற்று ஒன்பது வருடம் ஆகிறது. கண் சரியில்லாததால் பேரன் தட்டச்சு செய்கிறான்.

எங்கள் காலத்தில் டிரில் மாஸ்டர் என்போம். சென்னையில் எச்.சி. பக் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கியது 1920-ல். நம் பக்கத்தில் பெரியநாயக்கன்பாளையம் வித்யாலயத்து மாருதி கல்லூரியில் படித்து வந்தவர்கள் எத்தனையோ பள்ளிகளில் மண்ணைச் சமன் செய்து மைதானம் உண்டாக்கினார்கள். என்னிடம் இருந்தவர் அப்படி ஒருவர். சனிக்கிழமை சுண்ணாம்புத் தூளை டப்பாவில் ஓட்டை போட்டு அவரே கோடு போடுவார். நானும் கயிற்றின் அடுத்த முனையைப் பிடித்திருக்கிறேன்.

நான் செய்தது இவ்வளவுதான். கால அட்டவணையை ஆசிரியர் அறையில் ஒட்டி, பி.டி. பீரியட் வேண்டுமென்றால் என்னிடம் எழுதிக் கேட்க வேண்டும், அதே வாரம் தன் பீரியட் ஒன்றைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்றேன். முதல் மாதம் நான்கு கடிதம் வந்தது. அப்புறம் நின்றுபோனது. கேட்கக் கூடாது என்று நான் தடுக்கவில்லை. கடனைத் திருப்பித் தர வேண்டும் என்றதும் கடன் கேட்பது குறைந்தது. வாரம் இரண்டு முறை மைதானத்துக்கு இறங்குவேன். விசிலைப் பிடுங்க மாட்டேன். ஓரமாக நிற்பேன், அவ்வளவுதான். பி.டி. ஆசிரியருக்கு அலுவலக வேலை கொடுக்கவே இல்லை. ஸ்டோர் ரூம் சாவி கிளார்க் மேசையில் இருந்ததை எடுத்து அவர் கையில் கொடுத்தேன்.

ஆனால் இங்கே வேதனையான ஒன்றையும் சொல்ல வேண்டும். இடமாறுதல் கலந்தாய்வில் நான் வேறு பள்ளிக்குப் போனேன். அடுத்த ஆறு மாதத்தில் அந்த அட்டவணையைக் காணோம். ஒரு நாள் அந்த வழியாகப் போனபோது கோ-கோ கம்பத்தில் ஆடு கட்டியிருந்தது. எல்லாம் என் ஒருவன் பேரில் நடந்ததால் நான் போனதும் போய்விட்டது. ஆசிரியர்களோடு உட்கார்ந்து பேசி அவர்கள் முடிவாக அதை ஆக்கியிருக்க வேண்டும். புங்கமரத்தடி, நீங்கள் அதை மறக்காதீர்கள்.


மருதமலை_அடிவாரம் எழுதியது:

கோபி ஐயா சொன்ன இரண்டு விஷயத்துக்கும், அதாவது தலைமையாசிரியர் வகுப்பை நேரில் பார்ப்பது, அவர் மாறிப் போனால் பலனும் போய்விடுவது, ஆய்வில் துணை இருக்கிறது. அமெரிக்காவின் ஹூஸ்டனில் 58 பள்ளிகளை வைத்து, குலுக்கல் முறையில் ஒரு பாதிப் பள்ளித் தலைவர்களுக்கு இரண்டு வருடத்தில் 300 மணி நேரப் பயிற்சி கொடுத்தார்கள். வகுப்பைப் பார்த்து ஆசிரியரிடம் எப்படிப் பேசுவது, பாடத் திட்டத்தை எப்படிச் சேர்ந்து தயாரிப்பது, இப்படி. முதல் வருடமே பிள்ளைகளின் மதிப்பெண் நன்றாக ஏறியது. இரண்டு வருடமும் அதே பள்ளியில் இருந்து, சொன்னதைச் செய்த தலைவர்களிடம்தான் பலன் அதிகம்.

நம் நாட்டு உதாரணம் மத்தியப் பிரதேசம். கார்த்திக் முரளிதரனும் அபிஜீத் சிங்கும் ஆயிரக்கணக்கான அரசுப் பள்ளிகளில் ஒரு பள்ளி மேம்பாட்டுத் திட்டத்தைச் சோதித்து 2020-ல் வெளியிட்டார்கள். பள்ளியை மதிப்பிட்டார்கள், மேம்பாட்டுத் திட்டம் எழுதினார்கள், படிவங்கள் ஒழுங்காக நிரம்பின. ஆனால் வகுப்பறையில் எதுவும் மாறவில்லை, பிள்ளைகளின் கற்றலும் மாறவில்லை. இருந்தும் திட்டம் வெற்றி என்று கருதப்பட்டுப் பரவியது, ஏனென்றால் படிவம் நிரம்பியிருந்தது. பி.டி.க்கு ஒரு பதிவேடு போட்டால் போதும் என்று யாராவது சொன்னால் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.


ஈரோடு_மாடி எழுதியது:

எங்களுக்கு மைதானமே கிடையாதுங்க. டவுனுக்குள் பள்ளி, இரண்டு மாடி, நடுவில் ஒரு முற்றம். விளையாட்டு விழா என்றால் வ.உ.சி. பூங்கா மைதானத்துக்குத்தான் போக வேண்டும். இப்படிப்பட்ட பள்ளிக்கு என்ன வழி?


மருதமலை_அடிவாரம் எழுதியது:

ஸ்காட்லாந்தில் ஸ்டெர்லிங் நகரத்து ஒரு தொடக்கப் பள்ளியில் ஈலைன் வைலி என்ற தலைமையாசிரியை 2012-ல் ஒன்று தொடங்கினார். தினமும் 15 நிமிடம் பிள்ளைகள் பள்ளியைச் சுற்றி ஓடுவார்கள், நடப்பார்கள். சீருடை மாற்ற வேண்டாம், போட்டி இல்லை, சாமான் வேண்டாம். 2018-ல் அந்தப் பள்ளியையும் அதைச் செய்யாத இன்னொரு பள்ளியையும் ஒப்பிட்டார்கள். இதைச் செய்த பிள்ளைகள் நாளுக்கு 9 நிமிடம் கூடுதலாக ஓடியாடினார்கள், உட்கார்ந்திருக்கும் நேரம் 18 நிமிடம் குறைந்தது. இரண்டே பள்ளி என்பதால் பெரிதாகக் கொண்டாட வேண்டாம். பர்மிங்ஹாமில் 40 பள்ளிகளில் குலுக்கல் முறையில் சோதித்தபோது உடல் எடையில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. ஆனால் முற்றம் மட்டும் இருக்கும் உங்களுக்கு, நாளைக் காலையே தொடங்கக்கூடியது இது. ஒரு வேண்டுகோள். இது உடற்கல்விப் பாடத்துக்கு மாற்று இல்லை. நடக்கவிட்டுவிட்டோம், பி.டி. வேண்டாம் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது.


புங்கமரத்தடி எழுதியது:

ஏழு வாரம் கழித்து வருகிறேன். எழுதியவர்கள் எல்லோருக்கும் நன்றி. நடந்ததை உள்ளபடி சொல்கிறேன்.

முதலில் பி.டி. சாரிடம் போய், பஸ் பாஸ் வேலையை அலுவலக உதவியாளரோடு நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். அவர் நம்பவில்லை. இரண்டாவது வாரம் நானே போட்டோ ஒட்டுவதைப் பார்த்த பிறகுதான் பேச ஆரம்பித்தார். கோபி ஐயா சொன்ன கடன் விதியை நானாகப் போடவில்லை. ஆசிரியர் கூட்டத்தில் வைத்தேன். கணக்கு டீச்சர் எதிர்த்தார், பவானி சார் சொன்ன அதே காரணம். ஒரு மணி நேரம் பேசினோம். கடைசியில் அவரே, காலை வழிபாட்டுக்கு முன் அரை மணி நேரம் கொடுங்கள், தளர்ந்த பிள்ளைகளை நான் அப்போது எடுக்கிறேன், பி.டி.யைத் தொட மாட்டேன் என்றார். இப்போது எட்டேகாலுக்கு வருகிறார். அந்த நாட்களில் அவருடைய கடைசி பீரியடை நான் பார்த்துக்கொள்கிறேன், சத்திக்குப் போகும் நாலு மணி பஸ்ஸை அவர் பிடிக்க வேண்டும் அல்லவா.

சனிக்கிழமை ஒன்றில் பி.டி. சாரும் நானும் இன்னும் மூன்று ஆசிரியர்களும் மைதானத்தில் உட்கார்ந்து, ஒரே ஒரு பீரியடுக்கு மட்டும் திட்டம் போட்டோம். வகுப்பை ஐந்து குழுவாகப் பிரிப்பது. பழைய சாக்ஸுக்குள் துணி அடைத்துத் தைத்த பந்து 20, தையல் தெரிந்த சத்துணவு அக்கா தைத்துக் கொடுத்தார். ஒரு குழு கும்மி, ஒரு குழு பழைய சைக்கிள் டயருக்குள் பந்து எறிவது, ஒரு குழு நொண்டி, ஒரு குழு கயிறு, ஒரு குழு கைப்பந்து. ஆறு நிமிடத்துக்கு ஒரு விசில், இடம் மாற வேண்டும். வருகைப் பதிவைக் குழுத் தலைவர்கள் ஓடிக்கொண்டே எடுப்பார்கள்.

முதல் நாள் கூச்சலும் குழப்பமும்தான். டயர் பக்கம் இருந்து யாரும் நகரவில்லை. இரண்டாவது வாரம் சரியாயிற்று. பையன்கள் கும்மிக்கு வர வெட்கப்பட்டார்கள். ஒயிலாட்டம் ஆடும் குடும்பத்துப் பையன் ஒருவன் முன்னால் நின்றதும் மற்றவர்கள் வந்தார்கள்.

தண்ணீர்த் தொட்டி விஷயத்தைப் பள்ளி மேலாண்மைக் குழுவில் ஓர் அம்மாவைப் பேச வைத்தேன். நான் பேசியிருந்தால் தலையாட்டிவிட்டுப் போயிருப்பார்கள். குழாய் மாற்றியாயிற்று. இரண்டாவது கழிப்பறைக் கதவு இன்னும் சரியாகவில்லை.

போன வியாழக்கிழமை அதே மரத்தடி, அதே கடிகாரம், அதே பெண். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு ஓடினாள். 17 நிமிடம் வந்தது. வகுப்பு இன்னும் 4 நிமிடம் தாமதமாகத்தான் இறங்குகிறது, அன்றைக்குத் தாமதம் செய்தது என் தமிழ்ப் பாடம்.

நடக்காததும் உண்டு. ஐப்பசி மழையில் மைதானம் இரண்டு வாரம் சேறு. அந்த இரண்டு வாரமும் பழைய கதைதான், வகுப்பில் உட்கார வைத்துப் படிக்கச் சொன்னோம். ஒன்பதாம் வகுப்புப் பெண்கள் கும்மியைத் தவிர வேறு எதற்கும் இன்னும் வருவதில்லை.


திருப்பூர்_அம்மா எழுதியது:

குழாய் மாற்றியதற்கு நன்றிங்க சார். எங்கள் பள்ளிக் கூட்டம் அடுத்த வெள்ளிக்கிழமை. கம்பெனியில் அரை நாள் பெர்மிஷன் கேட்டிருக்கிறேன். நான் பேசுகிறேன்.


சத்தி_கோ-கோ எழுதியது:

நான் புங்கமரத்தடி சார் பள்ளியின் பி.டி. ஆசிரியர்தான். சார் இந்த இழையைப் போன வாரம்தான் காட்டினார். ஒரு சின்னத் திருத்தம், சாக்ஸ் பந்து 20 இல்லை, 18. இரண்டு கிணற்றுக்குள் போய்விட்டது.

காங்கயம் சார், உங்கள் பதிவில் கேட்டால் வேலை தெரியாது என்று ஆகிவிடும் என்று எழுதியிருந்தீர்கள். எனக்கும் அதே பயம் 14 வருடமாக இருந்தது. அதனால் இப்போது உங்களிடமே கேட்கிறேன். மழை நாளில் எனக்கு 60 அடி நீளம், 8 அடி அகல வராண்டா மட்டும்தான் இருக்கும். பக்கத்து அறையில் ஆறாம் வகுப்புக்குப் பாடம் நடக்கும், சத்தம் போடக் கூடாது. 46 பிள்ளைகளை வைத்து அங்கே என்ன எடுக்கலாம்? நீங்கள் எடுத்துப் பார்த்தது ஏதாவது இருந்தால் எழுதுங்கள். தாராபுரம் பக்கம்தான் என் மாமியார் ஊர், வரும் ஞாயிற்றுக்கிழமை அந்த வழியாகத்தான் வருகிறேன், நேரிலும் வந்து பார்க்கிறேன்.